மாலை கழற்றும் நாளுக்கு ஓர் ஏற்பாடு

கேள்வி: எனக்கு வயது 46. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். 22 ஆண்டுகளாகச் சிகரெட் பழக்கம் உண்டு. நாளொன்றுக்கு 12 வரை ஆகும். ஆனால் கடந்த 9 ஆண்டுகளாகக் கார்த்திகை முதல் தேதி மாலை போட்டு, 48 நாள் விரதமிருந்து சபரிமலைக்குப் போய் வருகிறேன். அந்த 48 நாளில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. திரும்பி வந்து, அம்மா கையால் மாலையைக் கழற்றிய அரை மணி நேரத்தில் தெருமுனைக் கடையில் நிற்கிறேன். சென்ற ஜூன் மாதம் மாலை இல்லாமலே விட்டுப் பார்த்தேன். நான்காம் நாளைத் தாண்ட முடியவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் மகளின் தலையில் என் கையை வைக்கச் சொல்லி மனைவி சத்தியம் வாங்கினாள். பதினோராம் நாள் அதை மீறினேன். அடுத்த மாதமே மகள் டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அது என்னால்தான் என்று இன்றும் உறுத்துகிறது. இப்போது பத்தாவது ஆண்டு மாலை. இன்றோடு 24 நாள். ஜனவரி 3 அன்று இருமுடி கட்டி, 5ஆம் தேதி திரும்புகிறோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் போன வாரம் கேட்டாள்: "சாமிக்காக விடுறீங்க, எனக்காக விட மாட்டீங்களாப்பா?" எனக்குப் பதில் தெரியவில்லை. என் பக்தி பொய்யா, இல்லை என் மனம் அவ்வளவு பலவீனமானதா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கரூர்

பதில்:

அன்புள்ள ஐயா,

இரண்டுமே இல்லை. நெஞ்சக நோய் மருத்துவம் பார்க்கும் என்னிடம் ஒவ்வொரு தை மாதமும் உங்களைப் போன்ற நாலைந்து பேராவது வந்து உட்கார்ந்து, இதே கேள்வியைக் கொஞ்சம் வெட்கத்துடன் கேட்கிறார்கள். ரமலான் நோன்பு முழுவதும் பகலில் புகையைத் தொடாமல் இருந்துவிட்டு நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழத்தை அடுத்துச் சிகரெட்டைத் தேடுபவர்களும், தவக்காலத்தில் விட்டுவிட்டு ஈஸ்டர் அன்று மீண்டும் தொடங்குபவர்களும் வருகிறார்கள். எந்த மதமாக இருந்தாலும் சிக்கல் ஒன்றுதான். ஆகவே உங்கள் பக்தியை நான் எடை போடப் போவதில்லை. அது என் வேலையும் அல்ல. விரதத்தின்போது உங்கள் உடம்பிலும் உங்களைச் சுற்றியும் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 9 ஆண்டுகள், ஆண்டுக்கு 48 நாள் என்றால் 432 நாள். அதாவது ஓராண்டுக்கும் மேலாக நீங்கள் புகையில்லாமல் வாழ்ந்திருக்கிறீர்கள். அதைத் தொடர்ச்சியாக வாழாமல் ஒன்பது துண்டாக வாழ்ந்திருக்கிறீர்கள் என்பதுதான் குறை. சிகரெட்டை நிறுத்தியவருக்கு எரிச்சல், தூக்கமின்மை, தலைபாரம், எதிலும் மனம் நிலைக்காமை ஆகியவை சில மணி நேரத்திலேயே தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு மூன்று நான்கு வாரங்களில் தேய்ந்துவிடும். மிகக் கடினமான அந்த மூன்று நாள்களை ஒன்பது கார்த்திகைகளில் கடந்தவர் நீங்கள். இந்த ஆண்டையும் சேர்த்தால் பத்து. அட்வான்ஸ் கொடுத்து, கிரயமும் முடித்து, பத்திரம் கைக்கு வந்ததும் வீட்டைப் பழைய சொந்தக்காரரிடமே திருப்பிக் கொடுப்பதைப் போன்ற ஒரு வேலையை ஆண்டுதோறும் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

நிக்கோடின் இரத்தத்திலிருந்து வெகு வேகமாக வெளியேறும் பொருள். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் அளவு பாதியாகும். அதனால்தான் 12 சிகரெட்டும் நாள் முழுவதும் பரவி நிற்கின்றன. ஆனால் 24 நாள் ஆன உங்கள் உடம்பில் இப்போது அது இல்லை. ஜனவரி 5ஆம் தேதி காலை நீங்கள் தெருமுனைக் கடைக்கு நடக்கும்போது உங்களை இழுப்பது உடம்பின் தேவை அல்ல. "மாலை கழற்றும்வரை" என்று கார்த்திகை முதல் தேதியே மனத்துக்குள் நீங்கள் எழுதிக்கொண்ட ஒரு தேதிதான் இழுக்கிறது. 48 நாளும் உங்கள் மனம் விட்டுவிட்ட மனமாக இருக்கவில்லை; காத்திருக்கும் மனமாக இருந்தது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மாலை உங்கள் மனத்தை மட்டும் மாற்றுவதில்லை, ஊரையே மாற்றிவிடுகிறது. கறுப்பு வேட்டியும் துளசி மணியும் தெரிந்தால் பட்டறையில் யாரும் "வாங்க, ஒரு தம் போட்டுட்டு வரலாம்" என்று கூப்பிடுவதில்லை. டீக்கடையில் உங்கள் கண்ணாடித் தம்ளரைத் தனியாகக் கழுவிக் கொடுக்கிறார்கள். வயதில் மூத்தவர்கள்கூடச் "சாமி" என்றுதான் அழைக்கிறார்கள். விடியுமுன் குளியல், மாலையில் சரணம், இரவில் பாயில் படுக்கை என்று நாளுக்கே புதிய வடிவம் கிடைத்துவிடுகிறது. எழுந்ததும் ஒன்று பிடித்தால்தான் வயிறு இளகும் என்று புகைபிடிப்பவர்கள் பெரும்பாலும் சொல்வார்கள். அந்த நேரத்தில் நீங்கள் குளிர்ந்த நீரில் நின்றுகொண்டிருக்கிறீர்கள், 48 நாளும் காலைக்கடன் தடையின்றித்தான் நடந்திருக்கிறது. இத்தனை தாங்குகோல்களும் ஜனவரி 5ஆம் தேதி பதினொரு மணிக்கு, பூஜையறையில் ஒரு தேங்காய் உடைபடும் நேரத்தில், ஒரே சமயத்தில் பிடுங்கப்படுகின்றன. விழாமல் இருந்தால்தான் வியப்பு.

ஜூன் மாதத் தோல்வியும் இதனால்தான் புரிகிறது. தாங்குகோல் ஒன்றுகூட இல்லாமல், நாள் குறிக்காமல், யாரிடமும் சொல்லாமல் விட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நான்காம் நாள் என்பது உச்சத்தின் விளிம்பு. அந்த வாரத்துக்கு மட்டும் நிக்கோடின் சூயிங்கமோ, தோலில் ஒட்டும் நிக்கோடின் பட்டையோ மருத்துவர் ஆலோசனையோடு எடுத்திருந்தால், பெரும்பாலும் தாண்டியிருப்பீர்கள். மருந்தின் துணையால் விட்டால் அது விட்டதாகாது என்று நினைக்கும் ஒரு வீம்பு நம் ஆண்களிடம் உண்டு. கண்ணாடி போட்டுப் படித்தவன் படித்தவன் அல்ல என்று யாரும் சொல்வதில்லை.

இப்போது ஜனவரி 5க்கு வருவோம். மாலையைக் கழற்றாமலே இருந்துவிடலாமா என்று சிலர் கேட்பார்கள், வேண்டாம். விரத ஒழுக்கம் இல்லாமல் மாலையைச் சுமப்பது முறையா என்பதை உங்கள் குருசாமிதான் சொல்ல வேண்டும் என்றாலும், மருத்துவக் காரணமும் ஒன்று இருக்கிறது: கழற்றக்கூடிய எந்த அடையாளத்தின் மீதும் இந்த உறுதியைத் தொங்கவிடக் கூடாது. மாலைக்குப் பதில் கையில் கயிறு கட்டினால் கயிறு அவிழும் நாளைத்தான் மனம் எண்ணத் தொடங்கும்.

அதற்குப் பதிலாக, மலைக்குப் போகுமுன்பே உங்கள் குருசாமியிடம் தனியாகப் பேசுங்கள். இருமுடி கட்டும்போது வேண்டுதலாக ஒன்றைச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. இந்த முறை, திரும்பிய பின்னும் புகை வேண்டாம் என்பதையே வேண்டுதலாக வையுங்கள். ஆனால் அதற்குத் தண்டனை எதையும் இணைக்க வேண்டாம். "மீறினால் கண் போகட்டும்" என்பது போன்ற நிபந்தனைகள் யாரையும் காத்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை தவறிவிட்டால் "சாமிக்குக் கொடுத்த வாக்கே போயிற்று, இனி என்ன" என்று முழுப் பெட்டியையும் முடிக்கவே அவை உதவுகின்றன. பட்டறையிலோ தெருவிலோ குழுவோடு மலைக்கு வருபவர்களில் இன்னும் இரண்டு பேராவது புகைபிடிப்பவர்கள் இருப்பார்கள். அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மண்டலம் முடிந்த பின்னும் சனிக்கிழமை மாலைகளில் அரை மணி நேரம் பஜனைக்குக் கூடுவது என்று மூவரும் முடிவு செய்தால், விரதம் தந்த சத்சங்கம் மாலையோடு போய்விடாது. விடியற்காலைக் குளியலையும் தொடருங்கள். நாளின் முதல் சிகரெட்டின் இடத்தில் அது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, எழுப்பிவிட வேண்டாம்.

மாலை கழற்றிய அன்று பல வீடுகளில் கறி விருந்து உண்டு. சாப்பிடுங்கள், வீட்டில், குடும்பத்தோடு. ஆனால் அன்றிரவு நண்பர்கள் மதுவோடு கூப்பிட்டால் போகாதீர்கள். குறைந்தது மூன்று மாதத்துக்குப் போகாதீர்கள். மது உள்ளே போனதும் நிதானம் தளர்கிறது, சிகரெட்டோடு சேர்ந்த பழைய நினைவு எழுகிறது. விட்டவர்கள் வழுக்கும் இடங்களில் இது முக்கியமானது. அன்று காலை பதினொன்றிலிருந்து பகல் ஒரு மணிவரை நீங்கள் எங்கே இருப்பீர்கள், யாரோடு இருப்பீர்கள் என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். ஒன்பது ஆண்டும் நீங்கள் தோற்றது அந்த இரண்டு மணி நேரத்தில்தான். அம்மாவை அழைத்துக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் பிரசாதம் கொடுக்கப் போகலாம். அரவணையும் அப்பமும் பங்கிட ஆள் வேண்டுமல்லவா?

பட்டறைக்குத் திரும்பும் நாளுக்கு ஒரு வாக்கியம் தயாராக இருக்க வேண்டும். இதுவரை "மாலை போட்டிருக்கேன்" என்று சொல்லி மறுத்தீர்கள். இனி "நான் விட்டுட்டேன்" என்று சொல்லுங்கள். "விட்டுப் பார்க்கலாம்னு இருக்கேன்" என்று சொல்லிவிடாதீர்கள். கேட்பவர் அதைச் சிரித்தபடி ஓர் அழைப்பாக எடுத்துக்கொள்வார். தெருமுனைப் பெட்டிக்கடையில் பற்றவைப்பதற்காகத் தொங்கும், நுனி மட்டும் கனன்றுகொண்டிருக்கும் அந்தக் கயிற்றின் வாசனையே போதும், கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். அப்படி எழும் வேட்கை சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதை அடக்கிப் போராடுவதைவிட, இடத்தைவிட்டு நகர்ந்து, தண்ணீர் குடித்து, ஒரு கிராம்பையோ ஏலக்காயையோ வாயில் அடக்கிக்கொண்டு, கடக்கவிடுவது எளிது. பாக்கு மட்டும் வேண்டாம். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. டீ, காபியையும் கொஞ்சம் குறையுங்கள். புகையின் வேதிப்பொருள்கள் காபீனை உடம்பிலிருந்து வேகமாக விரட்டும். புகை நின்ற பின் அதே நாலு டீ முன்பைவிட அதிகமாக வேலை செய்து படபடப்பைத் தரும், அந்தப் படபடப்பைச் சிகரெட் ஏக்கம் என்று நீங்கள் தவறாக எண்ணிக்கொள்வீர்கள்.

அடுத்த பகுதியை உங்கள் மனைவியிடம் படிக்கக் கொடுங்கள்.

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. 22 ஆண்டுகளாகச் சட்டையை முகர்ந்து பார்த்தும், பையைத் துழாவியும் நீங்கள் அலுத்திருப்பீர்கள். ஆனால் காவல் பலமாக இருந்தால் ஒளிவும் பலமாகத்தான் இருக்கும். கணவர்கள் சிகரெட்டை விடுவதற்கு முன் பாக்கு மெல்லவும் கை கழுவவும் கற்றுக்கொள்கிறார்கள். ஜனவரி 5க்குப் பிறகு முகர்ந்து பார்க்க வேண்டாம். வாரம் ஒருமுறை "எப்படி இருக்கு?" என்று கேளுங்கள், பதில் எதுவாக இருந்தாலும் அன்று சண்டை இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முதல் சில வாரங்களில் அவர் சிடுசிடுப்பாக இருந்தால், "இதுக்கு நீங்க குடிச்சிட்டே இருந்திருக்கலாம்" என்று மட்டும் வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள். சாப்பிட்டு எழுந்ததும் அவர் கை தேடும் அந்தப் பத்து நிமிடத்தில் அவரோடு வாசலில் நடந்து வருவது, நூறு அறிவுரையைவிட உதவும். எடை நாலைந்து கிலோ கூடலாம். அதைக் கேலி செய்யாமல் இருப்பதும் உதவிதான்.

சத்தியத்தைப் பற்றி இருவருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளை தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்குவது நம் வீடுகளில் கடைசி ஆயுதமாக இருக்கிறது, அன்பினால்தான் அதை எடுக்கிறார்கள் என்பதையும் அறிவேன். ஆனால் அது அப்பாவின் பழக்கத்துக்கான பிணையாகப் பிள்ளையை வைக்கிறது. அப்பா தவறினால் அதை மறைக்கிறார், பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் வீடே நடுங்குகிறது, அந்த நடுக்கத்தைத் தணிக்க அப்பா இன்னொன்றைப் பற்றவைக்கிறார். ஐயா, உங்கள் மகளுக்கு டெங்கு வந்தது ஏடிஸ் கொசு கடித்ததால். தேங்கிய நன்னீரில் முட்டையிட்டு, பெரும்பாலும் பகலில் கடிக்கும் அந்தக் கொசுவுக்கு நீங்கள் பதினோராம் நாள் பற்றவைத்ததைப் பற்றி எதுவும் தெரியாது. மூன்று ஆண்டுகளாகச் சுமந்த அந்தக் குற்ற உணர்வை இன்றோடு இறக்கிவையுங்கள்.

சத்தியம் பொய்த்ததால் பிள்ளைக்கு நோய் வராது, புகையால் வரும். வீட்டில் ஒருவர் புகைபிடித்தால் குழந்தைகளுக்கு ஆஸ்துமா மோசமாவதும், காதிலும் நுரையீரலிலும் தொற்று வருவதும் நன்கு நிறுவப்பட்ட உண்மைகள். ஜன்னலைத் திறந்துவைத்துப் பிடித்தாலும் புகை அடுத்த அறைக்குப் போகத்தான் செய்யும். பயப்பட வேண்டுமென்றால் இதற்குப் பயப்படுங்கள். இது உங்கள் கையில் இருக்கிறது.

மலைக்குப் போகுமுன் ஒரு வேலை பாக்கி. 46 வயதும் 22 ஆண்டுப் புகையும் சேர்ந்தவர், நீலிமலையும் அப்பாச்சிமேடும் ஏறுமுன் இரத்த அழுத்தம், சர்க்கரை, ஈ.சி.ஜி. மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஏற்றத்தில் மாரடைப்பு ஏற்படுபவர்கள் உண்டு என்பதால்தான் வழியிலேயே இதய அவசர சிகிச்சை மையங்களை வைத்திருக்கிறார்கள். ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ, இடக்கை வலியோ, வழக்கத்துக்கு மீறிய வியர்வையோ வந்தால், சரணம் சொல்லிச் சமாளிக்காமல் உட்கார்ந்து ஆளைக் கூப்பிடுங்கள். விரதத்தின் முதல் வாரங்களில் இருமலும் சளியும் கூடியிருந்தால் அஞ்ச வேண்டாம். காற்றுக்குழாயின் நுண்மயிர்கள் மீண்டும் வேலை தொடங்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலையோ, சளியில் இரத்தத்தையோ, காரணமில்லாமல் எடை குறைவதையோ அந்தக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள்.

இந்த வயதில் விட்டு என்ன ஆகப் போகிறது என்ற எண்ணம் எழுந்தால், பிரிட்டனில் 1951ஆம் ஆண்டு ரிச்சர்ட் டால் தொடங்கிய ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கவனித்தது மருத்துவர்களைத்தான்; அந்தக் காலத்தில் நாங்களும் தாராளமாகப் புகைத்தவர்களே. 50 ஆண்டுக் கணக்கை 2004இல் வெளியிட்டபோது, 40 வயதில் நிறுத்தியவர்கள் தொடர்ந்து புகைத்தவர்களைவிடச் சுமார் 9 ஆண்டும், 50 வயதில் நிறுத்தியவர்கள் சுமார் 6 ஆண்டும் கூடுதலாக வாழ்ந்தது தெரிந்தது. நீங்கள் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள். மாரடைப்புக்கான கூடுதல் அபாயம் ஓராண்டிலேயே ஏறத்தாழப் பாதியாகிவிடும். அந்த ஓராண்டைத்தான் நீங்கள் இதுவரை சேர்ந்தாற்போல் வாழவில்லை.

எல்லா ஏற்பாட்டுக்குப் பிறகும் பிப்ரவரியில் ஒருநாள் ஒன்றைப் பற்றவைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்றிரவே மனைவியிடம் சொல்லுங்கள், மறுநாள் காலை வழக்கம்போலக் குளித்துவிட்டுத் தொடருங்கள். "சரி, அடுத்த கார்த்திகையில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற எண்ணம் எழும். உங்கள் விஷயத்தில் நான் மிகவும் அஞ்சுவது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். ஆண்டுதோறும் வரும் விரதம், மீதி பத்து மாதத்துக்கும் அனுமதிச் சீட்டாக மாறிப்போனது அதனால்தான். ஒன்று இரண்டாகி, தினசரி ஆகிவிட்டால், உடனே அருகிலுள்ள மருத்துவரைப் பாருங்கள். சூயிங்கம், பட்டை தவிர வாரெனிக்ளின், புப்ரோபியான் போன்ற மாத்திரைகளும் இருக்கின்றன, ஆனால் அவற்றை மருத்துவர் எழுதித்தான் எடுக்க வேண்டும். சிகரெட் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் ஆலோசனை கிடைக்கும். ஜனவரி 5க்குப் பிறகு தேவைப்பட்டால் பார்க்கலாம் என்று தள்ளாமல், மலைக்குப் போகுமுன்பே ஒருமுறை கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.

மகளின் கேள்வி மிச்சம் இருக்கிறது. "சாமிக்காக விடுறீங்க, எனக்காக விட மாட்டீங்களாப்பா?" என்பதற்கு உடனே "உனக்காகவும் விடறேன்மா" என்று உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட வேண்டாம், அது இன்னொரு சத்தியம் ஆகிவிடும், அதைத் தலையில் சுமந்து அனுபவப்பட்டவள் அவள். நடந்ததைச் சொல்லுங்கள். ஜூன் மாதம் முயன்று நான்கு நாளில் தோற்றதையும், மாலை இருந்தால் ஊரே துணை நிற்கிறது, இல்லாவிட்டால் யாரும் இல்லை என்று இப்போது புரிந்ததையும், அவளுக்கு வந்த காய்ச்சலுக்கும் அந்தச் சத்தியத்துக்கும் தொடர்பில்லை என்பதையும் சொல்லுங்கள். ஒருவேளை அவளும் இத்தனை நாள் அப்படி ஒரு தொடர்பு இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கலாம். பிறகு, ஜனவரி 5 காலை பாட்டி மாலையைக் கழற்றும்போது பக்கத்தில் வந்து நிற்கும்படியும், அது முடிந்ததும் பிரசாதம் கொடுக்க உங்களோடு கிளம்பும்படியும் அவளைக் கேளுங்கள்.